காட்டு வாசலில் இறக்கிவிடுகிறவள்

வீட்டில் நல்ல கட்டில் வைத்திருக்கிற மனிதரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், வெறும் நிலத்தில் படுக்க விட்டுவிட்டு வருவதுதான் என் தொழில். ஊரிலிருந்து சொந்தக்காரர் யாராவது போனில் இப்ப என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், இதை நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அவர்கள் அடுப்பில் வைத்த கறி அடிப்பிடித்துவிடும்.

பலெர்மோவில் சல்வோ என்பவர் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். கூடாரம், படுக்கைப் பை, தலையில் கட்டுகிற லைற் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். நகரத்துக்குத் தெற்கே மலைப்பக்கம் ஒரு அரசாங்கக் காடு இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி எடுத்துவிட்டால் அதன் ஒரு பகுதியில் விரும்பிய மரத்தடியில் இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம். இலவசம் என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். தண்ணீர்க் குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை, கரண்ட் இல்லை, போனுக்குச் சிக்னலும் இல்லை. தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கார் இல்லாதவர்களையும், மலைப்பாதையில் கார் ஓடப் பயப்படுகிறவர்களையும் பின்னேரம் காட்டு வாசலில் இறக்கி, அடுத்த நாள் காலமை ஏற்றி வருகிறவள் நான். அதற்கு முதல் நகரத்தில் பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாவில் வீட்டுவேலை செய்தேன். லைசென்ஸ் எடுத்த பிறகு இந்த வேலை கிடைத்தது. கடையிலோ, ஆஸ்பத்திரியிலோ, பஸ்ஸிலோ சனத்தோடு மாரடித்துச் சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் என் பாடு விளங்கும்.

எந்த மரம்

ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாங்கள் ஒரு சின்ன மண்வெட்டி கொடுப்போம். அது எதற்கென்று சொல்ல சல்வோவுக்கு வெட்கம். கடையில் வைத்துக் கதைக்காமல், 'மற்றதெல்லாம் வானுக்குள்ளை அவ சொல்லுவா' என்று என் தலையில் கட்டிவிடுவார். இத்தாலி மொழியில் நான் முதன்முதலாகப் பிழையில்லாமல் பாடமாக்கிய நீண்ட வசனமே, ஓடையிலிருந்து தள்ளிப் போய் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, வேலை முடிந்ததும் மண் போட்டு மூடவேண்டும் என்பதுதான்.

ஒருநாள் ஒரு அவ்வொக்காத்தோ, அதாவது வழக்கறிஞர், மனைவியோடும் இரண்டு சிநேகிதரோடும் வந்தார். காட்டுக்கு வருகிற மனிதர் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். நான் மண்வெட்டியை நீட்டி என் வசனத்தைச் சொன்னபோது மற்ற மூவரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்பதுபோலக் கேட்டார். குழியை முதலே வெட்டி வைப்பதா, தேவை வந்த பிறகு வெட்டுவதா என்று விசாரித்தார். முதலே வெட்டினால் நல்லது என்றேன். மழை பெய்தால் என்ன செய்வது என்றார். குடை பிடிக்கலாம் என்றேன். வாசலில் இறங்கியதும் மண்வெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்ற ஓக் மரங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"சரி. இதிலை எங்களுக்கு ஒதுக்கின மரம் எது?"

கூட்டிய காடு

கடைக்கு வந்த ஒரு சிஞ்ஞோராவை, அதாவது வீட்டுக்கார அம்மாவை, கண்டதும் எனக்குக் கை ஓடவில்லை. லிபெர்த்தாவில் நான் வீட்டுவேலை செய்த அதே சிஞ்ஞோரா. அவர் வீட்டில் விளக்குமாறு எந்த அலுமாரிக்குள் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் வடக்கே மிலானோ பக்கம் போய்விட்டார்கள், வீட்டில் தனியப் படுக்கிறவளுக்குக் காட்டில் தனியப் படுக்கப் பயமா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னார். நான் வான் ஓடுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. பின் சீற்றில் ஏறப் போனவர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு முன்னுக்கு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

கூடாரம் அடித்துக் கொடுத்து முடிந்ததும், பழக்கதோஷம், அந்த இடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம் என்று குனிந்தேன். அவர் விடவில்லை. இலையோடு கிடந்த ஒரு காய்ந்த கொப்பை எடுத்துத் தானே கூட்டத் தொடங்கினார். முதலில் கூடார வாசல், பிறகு வாசலைச் சுற்றி, பிறகு பக்கத்து மரம் வரை. காட்டில் இலைக்கு முடிவேது? கூட்டக் கூட்ட மேலேயிருந்து விழுந்துகொண்டே இருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, சிரித்துக்கொண்டே கூட்டினார். நான் ஒரு கல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முன்னால் நான் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமே என்று விடைபெற எழும்பி ஓரடி வைத்தேன். சிஞ்ஞோரா கொப்பை உயர்த்தி என்னை மறித்தார்.

"அந்தப் பக்கத்தாலை போ. இப்பதான் கூட்டினனான்."

சத்தம் போட ஓர் இடம்

பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து வந்த தம்பதி அவர்கள். நாற்பது வயது மதிக்கலாம். ரயிலில் வந்து இறங்கி, கடையில் ஒரு கூடாரம் எடுத்துக்கொண்டு, வழி முழுக்க ஒரு சொல் கதைக்காமல் வந்தார்கள். நான் இறக்கிவிட்டுக் காட்டுக் காவலர் நினோவோடு வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்துகிற சத்தம். பிறகு ஆண். நினோ கையிலிருந்த சிகரெட்டை அணைத்துவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஒரு பெண் அப்படிக் கத்தினால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று எண்ணுவோமோ அதெல்லாம் மனதில் வந்துபோனது.

போய்ப் பார்த்தால், கூடாரம் இன்னும் பைக்குள்ளேயே கிடந்தது. அவள் ஒரு மரத்தடியில், அவர் பத்தடி தள்ளி இன்னொரு மரத்தடியில். எங்களைக் கண்டதும் இருவரும் நிறுத்திவிட்டு, விருந்தாளியை வரவேற்பதுபோலச் சிரித்தார்கள். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் இருப்பது மாடி வீடு. மேல்தட்டில் அவருடைய தாய், கீழ்த்தட்டில் அவளுடைய அக்கா. ஒரு பிளேற்றை விழுத்தினாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வரும். கலியாணம் கட்டிய நாள் முதல் எல்லாச் சண்டையையும் குசுகுசுவென்றுதான் பிடித்தார்களாம், அதனால் ஒன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லையாம். நினோ அனுமதிக் கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். நெருப்பு மூட்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது என்றெல்லாம் இருந்தது. சண்டை பிடிக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. வந்த வழியே திரும்பினோம்.

காலமை ஏற்றப் போனபோது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. ஒரே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். முடிந்ததா என்று நான் கேட்கக்கூடாதுதான். ஆனால் கேளாமல் வான் ஓட என்னால் ஏலவில்லை. அவள் காற்றுப்போன குரலில் சொன்னாள்:

"இவரின்ரை தாயின்ரை கதை முடிஞ்சுது. என்ரை அக்காவின்ரை கதைக்கு அடுத்த மாதம் வாறம்."

விசில்

நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் இருக்கிற தானோ என்ற பெரியவர் எங்களுடைய வழமையான வாடிக்கையாளர். முந்தி பஸ் ஓடியவர். இப்போது பென்ஷன். மாதத்தில் ஒருமுறை தனியே வருவார். வழி முழுக்க என் கியர் மாற்றத்தைத் திருத்திக்கொண்டே வருவார், அதனால் எனக்கு அவரைப் பிடிக்கவும் பிடிக்கும், பிடிக்காமலும் இருக்கும். ஒரு ஏப்ரல் காலமை ஏற்றப் போனபோது அவர் வாசலில் இல்லை. மற்ற நாட்களில் நான் பிந்தினால் மணிக்கூட்டைக் காட்டுகிற மனிதர். கூடாரத்துக்குப் போய்ப் பார்த்தேன். போர்வை மடித்தபடி இருந்தது, சாப்பாட்டுப் பை தொடாமல் இருந்தது, சப்பாத்து மட்டும் இல்லை.

ஒவ்வொருவருக்கும் நாங்கள் கழுத்தில் போட ஒரு சிவப்பு விசில் கொடுப்போம். ஆபத்தென்றால் மூன்று தரம் ஊதவேண்டும். கேட்கிறவர் திருப்பி ஊதுவார். நான் என்னுடையதை எடுத்துப் பலம் கொண்ட மட்டும் ஊதினேன். பதில் இல்லை. நினோவைக் கூப்பிட்டுவந்தேன். அவர் மேட்டுப் பக்கம் ஏறினார், நான் ஓடைப் பக்கம் இறங்கினேன். முதல்நாள் மழையில் கல்லெல்லாம் வழுக்கியது. ஊதுவேன், நிற்பேன், காது கொடுப்பேன். மாட்டு மணிச் சத்தம் மட்டும் வரும். அவர் வரும்போதெல்லாம் கடைக்குப் போன் எடுத்து அப்பாவைக் கவனமாய்ப் பாருங்கோ என்று சொல்லுகிற அவருடைய மகளுக்கு என்ன சொல்லப்போகிறேன்? எங்கள் நேர்த்திக்கடன் எல்லாம் அவருக்காக வைத்தேன். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகனுக்கும் வைத்தேன், பலெர்மோவைக் காக்கிற ரொசாலியா மாதாவுக்கும் வைத்தேன்.

கடைசியில் ஒரு பெரிய கல்லின் பின்னால் அவரைக் கண்டேன். கல்லில் சாய்ந்தபடி இருந்தார். ஒரு கால் கணுக்காலில் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று கண்டதும் அழுகை வந்துவிட்டது. விசில் அவர் கழுத்திலேயே தொங்கியது. ஏன் ஊதவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவர் ஓடைக்கு அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினார். ஒரு வேரடியில் பொந்து ஒன்று தெரிந்தது. விடிந்ததும் நடக்க வந்து கால் பிரண்டு விழுந்தாராம். ஊதலாம் என்று விசிலை வாயில் வைத்த நேரம் அந்தப் பொந்திலிருந்து நரியொன்று மூன்று குட்டிகளோடு வெளியே வந்ததாம். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாட, இவர் விசிலையும் காலையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மேட்டிலிருந்து இறங்கி வந்த நினோவும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி அவரை வானுக்குக் கொண்டுவந்து ஏற்றினோம். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, உண்மையான மனக்குறையோடு சொன்னார்:

"நீ விசில் அடிக்காமல் தேடியிருக்கலாம். எல்லாத்தையும் கலைச்சுப்போட்டாய்."

கேற் மட்டும்

கடைசியாக என் சொந்த வாடிக்கையாளர். என் மனுசன். நான் யாழ்ப்பாணம், அவர் வன்னி. ஊரில் யுத்தம் முடிந்த பிறகு ஆமி காவலிருந்த முகாமில் முட்கம்பிக்குள்ளே கூடாரத்தில் பல மாதம் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. கேட்டால் எழும்பிப்போய்ப் பைப்பைத் திறந்து கோப்பை கழுவுவார். ரெஸ்ரோரன்ற் குசினியில் நாள் முழுக்கக் கழுவுகிற மனிதர் வீட்டிலும் கழுவினால் ஏதோ இருக்கிறது என்று விட்டுவிடுவேன். என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறார்: அந்தச் சனத்தை ஒருவரும் அனுப்பவில்லை, அவர்களாகத்தான் போகிறார்களா என்று.

எங்கள் மகள் துஷா வகுப்பில் எல்லாரும் காட்டுக்குப் போய்விட்டார்கள் என்று, 'பெர் ஃபவோரே அப்பா, பெர் ஃபவோரே' என்று இத்தாலியில் கெஞ்சியபடி ஒரு மாதம் பின்னால் திரிந்தாள். ஒரு சனிக்கிழமை சல்வோவிடம் வானைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூன்று பேரும் போனோம். இவர் ஒரு பொலித்தீன் பையில் பாஸ்போட், எல்லாருடைய விசாவான பெர்மெஸ்ஸோ, துஷாவின் பிறப்புப் பத்திரம் எல்லாம் சுற்றிக் கொண்டுவந்தார். காட்டுக்குள் விசாக் கடதாசி யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்ல வாய் உன்னியது, படுக்கைப் பைகளை ஏற்றப் போய்விட்டேன். கூடாரத்தை நானும் மகளும் அடித்தோம். இவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, தான் வானுக்குள்ளேயே படுக்கிறேன் என்று சொன்னார். பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் இவருடைய முகத்தைப் பார்த்ததும் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டுபோய் வானுக்குள் வைத்தாள்.

விடியக் கண் முழித்து வெளியே வந்தேன். வான் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே அவர் இல்லை. கடதாசிப் பை மட்டும் சீற்றில் இருந்தது. முதல்நாள் முழுக்க மடியை விட்டு இறக்காத பை அது. துஷாவை எழுப்பிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன். எதிரே இவர் வந்துகொண்டிருந்தார், பனியில் சப்பாத்து நனைந்து, கையை வீசிக்கொண்டு. எங்களைக் கண்டு கையசைத்துவிட்டு, திரும்பி மறுபடியும் வாசலை நோக்கிப் போனார். நாங்கள் நின்று பார்த்தோம். கேற்றைத் தாண்டி றோட்டுக்குப் போனார், கொஞ்ச நேரம் நின்றார், உள்ளே வந்தார். பாண் சாப்பிடும்போது துஷாதான், விடியக்காலமை அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் பாணைப் பிய்த்து அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். எழும்பிப் போகவில்லை.

"சும்மா கேற் மட்டும் போய்ப் பாத்தனான், பிள்ளை. போகேக்கையும் ஒருத்தரும் மறிக்கேல்லை, வரேக்கையும் மறிக்கேல்லை."

இத்தனை பேரை ஏற்றி இறக்கியும் காட்டுக்குப் போகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை; மலை இறங்கியதும் அத்தனை பேரும் தேடுவது கோப்பிக் கடையை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.