மாமு சொன்ன அர்த்தம்

எங்கள் மாமுவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அம்மாவின் தம்பி அவர். மெட்ராஸில் ஒரு தோல் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கையில் ஒரு கடிகாரமும் வாயில் நாலு இங்கிலீஷ் வாக்கியமுமாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியிருந்தார். யார் வீட்டுக்காவது தந்தி வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடி வருவார்கள். அவர் படித்துச் சொன்ன அர்த்தத்தை மறுத்துப் பேச நாகல் நகரில் எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஆறாம் வகுப்பில் இருந்த நான் ஒருத்திதான் மறுத்தேன். மறுத்து என்ன கண்டேன் என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு சொல்லும்போதும் எனக்கு ஆறவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவருக்குத் தோல் ஷாப்பு இருந்தது. ஆட்டுத்தோலைப் பதனிட்டு மெட்ராஸுக்கு அனுப்புவார். என் அக்காமார் இரண்டு பேரும் ஐந்தாவதோடு நின்றவர்கள். எங்கள் வீடு என்றில்லை, எங்களுக்குப் பால் ஊற்ற வந்த வடமதுரைக்காரர் வீட்டிலும் அப்படித்தான். நான் மட்டும் அழுது, சாப்பிடாமல் கிடந்து, எப்படியோ கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஆறாவது சேர்ந்தேன். "போகட்டும், பாப்போம்" என்று அத்தா சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒரு சர்க்கார் அதிகாரியின் மகள். நான் உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். நான் தினமும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போனேன். அம்மா என் சட்டையை நீலம் போட்டு அலசி, பெட்டியில் தாழம்பூ வைத்து எடுத்துக் கொடுப்பாள். அத்தாவோ ஷாப்பிலிருந்து வந்து குளிக்காமல் எங்களில் ஒருவரையும் தொட்டதில்லை. இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? ஒருநாள் அவள் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "ஏடி, தோல் ஷாப்பு வந்திருச்சு, சன்னலத் தொறங்கடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மேஜை மேலிருந்த மைப்புட்டியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தாவை வரச் சொல்லி ஆள் வந்தது. அத்தா சலவைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். தலைமை மதர் வெள்ளைக்கார அம்மையார், தமிழில் 'வா', 'உட்கார்', 'நல்ல பிள்ளை' என்பதைத் தாண்டி அவருக்கு வராது. அதனால் மொழிபெயர்க்க மாமுவும் கூட வந்தார்.

மதர் வெகுநேரம் பேசினார். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார் என்பது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. கடைசியாக என் தலையில் கை வைத்து, "திஸ் ஒன்ஸ், ஐ ஷல் ஓவர்லுக் இட்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஏனென்றால் அந்த மாதம்தான் டீச்சர் எங்களுக்கு 'லுக்' என்ற சொல்லின் குடும்பத்தையே பலகையில் எழுதிப் போட்டிருந்தார். லுக் ஃபார் என்றால் தேடுவது. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது. லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாகப் பார்ப்பது. ஓவர்லுக் என்றால் கண்டும் காணாமல் விட்டுவிடுவது. எல்லாவற்றையும் நான் தலைகீழாகச் சொல்வேன்.

வாசல் கேட்டைத் தாண்டியதும் அத்தா நின்றார். "என்ன மாப்ளே சொன்னாங்க அந்தம்மா?"

மாமு தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ளைய ஓவர்லுக் பண்ணுவாங்களாம் மச்சான். ஓவர்னா மேல. லுக்குன்னா பாக்குறது. இனிமே இவ மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டே இருப்பாங்களாம். கண்காணிப்பு."

"இல்ல அத்தா!" என்று நான் கத்தினேன். "மன்னிச்சு விட்டுட்டேன்னு சொன்னாங்க. டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஓவர்லுக்குன்னா பாக்காம விட்டுர்றது."

மாமு என்னைப் பார்த்துச் சிரித்தார். "லுக்குன்னா பாக்குறது. அது எப்படிம்மா பாக்காம விட்டுர்றதாகும்? ரோடு போடுற எடத்துல ஓவர்சியர் நிக்கிறாரே, அவரு என்ன கண்ண மூடிக்கிட்டா நிக்கிறாரு? சீன்னாலும் பாக்குறது, லுக்குன்னாலும் பாக்குறது. ரெண்டும் ஒண்ணுதான்."

இதில் நான் எதைச் சொல்லி வெல்வது? நியாயம் முழுக்க அவர் பக்கம் இருப்பதுபோல் இருந்தது. உண்மை மட்டும் என் பக்கம் இருந்தது.

அத்தா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "எம் மகள காவல் வச்சுப் படிக்க வைக்கணும்னு எனக்கு ஒண்ணும் விதியில்ல. அவ என்ன திருடியா? வண்டியக் கூப்புடு மாப்ளே" என்றார். குதிரை வண்டி வந்தது. என் புத்தகப் பை வகுப்பிலேயே கிடந்தது. எடுத்து வருகிறேன் என்று சொன்னேன். வண்டி நகர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நான் மாமுவின் அகராதியைக் கொண்டுவரச் சொல்லி அடம்பிடித்தேன். பழுப்புக் காகித அட்டை போட்டு, அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி அவர் வைத்திருந்த புத்தகம் அது. தட்ட முடியாமல் எடுத்து வந்து கூடத்தில் வைத்துப் பிரித்தார். அத்தா நாற்காலியில் இருந்தார். அம்மா நிலைப்படியில் நின்றாள். மாமு விரலை ஓட்டிச் சொல்லைக் கண்டுபிடித்தார். "மேலிருந்து பார்த்தல்" என்று உரக்கப் படித்தார். "மேற்பார்வை செய்தல். கேட்டுக்கங்க மச்சான், மேற்பார்வை செய்தல். அச்சுல போட்டுருக்கான்."

நான் குனிந்து பார்த்தேன். அவர் கட்டைவிரலுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. விரலைப் பிடித்துத் தள்ளினேன். 'கவனியாது விடுதல், பிழை பொறுத்தல்' என்று இருந்தது.

"இந்தா இருக்கு! பிழை பொறுத்தல்! இதத்தான் மதர் சொன்னாங்க!"

"அது மூணாவது அர்த்தம்" என்றார் மாமு. "மொதல்ல போட்டதுதான் முக்கியம்."

ஒரே சொல், கண்ணை எடுக்காமல் பார்ப்பதற்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் எப்படிப் பொதுவாக இருக்கும்? இப்படி ஒரு பாஷையைச் செய்து வைத்த வெள்ளைக்காரர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மலைக்கோட்டை ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, அதுவும் ஓவர்லுக்காம். என்னை மன்னித்ததும் ஓவர்லுக்காம். நான் அகராதியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அட்டை கிழிந்தது. அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "செத்த நேரம் வாய மூடு புள்ள. அத்தாகிட்ட நான் பேசிப் பாக்குறேன்" என்றாள். அவள் பேசினாளா என்று எனக்குத் தெரியாது. என் பையை யாரோ பள்ளியிலிருந்து வாங்கி வந்து பரண் மேல் வைத்தார்கள்.

நான் மாமுவிடம் பேசுவதை நிறுத்தினேன். அவர் கொண்டுவந்த மிட்டாயைத் தொடவில்லை. என் படிப்பைக் கெடுத்தவர் இவர்தான், இவருடைய அரைகுறை இங்கிலீஷ்தான் என்று அக்காமாரிடம் சொல்லிச் சொல்லிப் பொருமினேன். அவர்கள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது மெட்ராஸ் கம்பெனிக்காரர் ஒருவர் சரக்குப் பார்க்க வந்தார். அத்தா அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார். வீடெல்லாம் பிரியாணி மணம். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் நான் தட்டு எடுத்துக் கொடுக்க நின்றேன். மாமு அன்று ஊரில் இல்லை. வந்தவர், கடைசியாக வந்த சரக்குக் கட்டு ஒன்றில் சில தோல்களில் கத்தி பட்டுக் கீறியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அத்தா அவருக்குக் கறியை அள்ளி வைத்தபடி சொன்னார்.

"புது ஆளு உரிச்சது சார். தெரியாம நடந்துபோச்சு. இந்த ஒரு தடவ ஓவர்லுக் பண்ணிருங்க."

"நீங்க எப்பவும் இந்த ஓவர்லுக்கையேதான் சொல்றீங்க பாய்" என்று அவர் சிரித்தார். "சரி, விட்டாச்சு."

அத்தாவுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது! மூன்றாவது அர்த்தம்! மாமு இல்லாத நேரத்தில், யாரும் சொல்லித் தராமல், அத்தாவே சரியாகச் சொல்லிவிட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, அத்தா ஓவர்லுக்குன்னு சொன்னாங்க! மன்னிச்சு விடுறதுக்குத்தான் சொன்னாங்க. இனிமே மாமு சொன்னது தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சிரும். நாளைக்கு என்னையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவாங்க, இல்லம்மா?"

அம்மா பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஈரக் கையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கண் ஏன் அப்படிக் கலங்கியது என்று நான் யோசிக்கவில்லை, அடுப்புப் புகை என்று நினைத்தேன். வந்தவர் 'எப்பவும்' என்று சொன்னதும் என் காதில் விழுந்ததுதான். அதையும் நான் யோசிக்கவில்லை. ஏணியைச் சாத்தி, பரணில் ஏறி, பையை இறக்கி, தூசி தட்டி, மறுநாளைக்கு வேண்டிய புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைத்தேன்.