ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து பார்த்த வாத்து

போன வாரம் எங்கள் கேம்ப்பில் ஒரு ஃபிரிட்ஜ் கதவு திறந்தது. உடனே மூடியது. நடந்தது அவ்வளவுதான். அதற்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திறந்தவர் ஹெலன். எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் சேஃப்டி மேனேஜர், இங்கிலாந்துக்காரர். உள்ளே இருந்தவை மூன்று வாத்துகள். இறகு பிடுங்கி, கழுத்தை மடித்து, மேல் தட்டில் வரிசையாகப் படுத்திருந்தன. தலை, அலகு, கால், விரல் எல்லாம் பத்திரமாக இருந்தன. நடு வாத்து மட்டும் ஒரு கண்ணை லேசாகத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹெலன் "ஓ" என்றார். கொஞ்சம் பின்வாங்கினார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

அந்த நிதானம்தான் என்னைப் படுத்தியது. படாரென்று சாத்தியிருந்தால் கோபம் என்று புரிந்துகொண்டிருப்பேன். தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோலச் சாத்தினால் என்ன அர்த்தம்?

போகும்போது சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவாராம். ஆட்கள் சமைத்துச் சாப்பிடுவதை நேரில் பார்ப்பாராம். அதற்குப் பிறகு கிச்சனைப் பற்றி முடிவு செய்வாராம்.

முடிவு! நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் இங்கிலீஷ் முழுக்க சைட் போர்டுகளைப் பார்த்து வந்தது. 'டேஞ்சர்', 'நோ என்ட்ரி' என்றால் சட்டென்று விளங்கும். இப்படி இனிமையாக யாராவது பேசினால்தான் ஒன்றும் விளங்காது.

வளைகுடா நாட்டில், முசஃபா தொழிற்பேட்டையில், ஒரு வெல்டிங் கம்பெனியின் ஆட்கள் தங்கும் இடத்துக்குக் கேம்ப் பாஸ் நான். பெயரில்தான் பாஸ். தண்ணீர் வரவில்லையா, ஏசி ஓடவில்லையா, பாத்ரூம் பூட்டு உடைந்ததா... எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவன். அப்படிப்பட்டவனிடம் 'முடிவு' என்று சொல்லலாமா?

எங்கள் தெருவிலேயே இன்னொரு கேம்ப்பில் கிச்சனை மூடிவிட்டார்கள். இப்போது வேனில் டப்பா சாப்பாடு வருகிறது. காலையில் அடைத்த சோறு மதியம் சைட்டில் கட்டியாகக் கிடக்கும். அங்கே இருக்கிற ஆட்கள் லீவு நாளில் எங்கள் வாசல் பக்கம் வந்து, தாளிக்கிற வாசனைக்குச் சும்மா நின்றுவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்களுக்கும் அந்த நிலைமை வந்தால்? அதுவும் ஒரு வாத்தின் கண்ணால் வந்தால்?

வாத்துகளை வாங்கியவன் செல்வம். பவானிப் பக்கத்துக்காரன். பகலில் வெல்டர், லீவு நாளில் எங்கள் சமையல் மாஸ்டர். அவன் ஊர்ப் பக்கம் வாத்துக்கறி பெரிய விஷயம். ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் நடத்தும் கடையில் தலையோடு வாத்து கிடைக்கிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. முழு வாத்தை மசாலா தடவி, கரி அடுப்பில் வாட்டுவதாகத் திட்டம். அடுப்பும் சொந்தத் தயாரிப்பு... ஆயில் டிரம்மைப் பாதியாக அறுத்து, கால் வைத்து அவனே வெல்டிங் அடித்தது.

நான் அவனைக் கூப்பிட்டு, தலையெல்லாம் வெட்டிவிடு என்றேன். கால் வேண்டாம். எலும்பே வேண்டாம். வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற மாதிரி சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுக் குழம்பு வைத்துவிடு.

செல்வம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"ஏனுங்ணா, வாத்துக்குத் தலை இருக்கறது ஒரு தப்புங்களா?"

"தப்பில்லப்பா. அந்தம்மா பயந்துருச்சு."

"செத்ததப் பாத்து என்னங்ணா பயம்? தலையை எடுத்துப்போட்டா அப்பறம் அது வாத்துன்னு யாருங்ணா சொல்றது?"

அதை யாரும் சொல்லவே வேண்டாம், அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். வாத்துப் படம் போட்ட கடைக் கவரைக்கூட நானே கசக்கி, கேம்ப்புக்கு வெளியே இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தடயத்தை அழிப்பது என்பார்களே... அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஹெலன் வந்தார். கையில் ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டர். தரையைப் பார்த்தார், சிங்க்கைப் பார்த்தார், கத்தி வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்துகொண்டிருந்தது.

கடைசியாகக் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரே அளவில் துண்டுகள். எலும்பில்லை, தோலில்லை, அடையாளமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"இது என்ன இறைச்சி?" என்றார்.

சாதாரணக் கேள்வி. 'டக்' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் 'டக்' என்றால் அவருக்கு அந்தக் கண் ஞாபகம் வந்துவிடுமே! என் வாய் என்னைக் கேட்காமலேயே "சிக்கன், மேடம்" என்றது.

அதே நேரத்தில் பின்னாலிருந்து செல்வம், "டக், மேடம்" என்றான்.

தட்டோடு நின்றவர்கள் என்னையும் செல்வத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஹெலன் மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இந்த முறை முகத்தில் இனிமை இல்லை.

"எது?"

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். இந்தக் கேம்ப்பில் பல நாட்டு ஆட்கள், பல மதத்து ஆட்கள் இருக்கிறார்கள். சட்டியில் என்ன இறைச்சி என்று பொறுப்பாளருக்கே தெரியாத ஒரு கிச்சனை அவர் எப்படித் திறந்து வைப்பது? கவர் எங்கே என்று கேட்டார். கவர்... மாநகராட்சி வண்டியில் எப்போதோ போயிருக்கும்.

அவர் கேட்டதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பயத்தில் நான் மறைத்த ஒவ்வொன்றும் இப்போது கிச்சனுக்குப் பூட்டாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர், "போச்சு... நாளைலேருந்து டப்பா சோறுதான். பாஸு தயவு" என்று முனகியது நன்றாகவே கேட்டது.

செல்வம் பின்பக்கமாக வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் பெரிய தட்டு. தட்டில்... முழு வாத்து! கரியில் வாட்டி, பளபளவென்று பழுப்பு நிறத்தில், தலையும் அலகும் காலும் சேதமில்லாமல்.

"ரெண்டத்தானுங்ணா வெட்டுனேன். ஒண்ணுக்கு மனசு வல்லீங்க" என்றான் என்னிடம். பிறகு தட்டை ஹெலன் முன்னால் வைத்து, சட்டியையும் தட்டையும் காட்டி, "சேம், மேடம். பிரதர்" என்றான்.

ஹெலன் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. முகம் கொஞ்சம் வெளிறியதை நான் கவனித்தேன். சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் தெர்மாமீட்டரை எடுத்தார். முகத்தை நன்றாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் வாத்தின் தொடையைத் தடவிக் கண்டுபிடித்து, ஊசியைக் குத்தினார். சூடு எவ்வளவு என்று மட்டும் கடைக்கண்ணால் பார்த்தார்.

"நன்றாக வெந்திருக்கிறது. இது வாத்துதான். மற்ற இரண்டும் சட்டியில்" என்றார். பிறகு சிரித்தார். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

எனக்குப் பயத்தைவிட இப்போது ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. கேட்டுவிட்டேன். மேடம், நீங்களும் கோழி சாப்பிடுகிறவர்தானே. அன்றைக்கு ஃபிரிட்ஜைத் திறந்ததும் ஏன் அப்படி ஆனீர்கள்?

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். அவர் ஊரில் கோழி என்பது தட்டில் வைத்து பிளாஸ்டிக் சுற்றிய ஒரு பொருள். சின்ன வயதில், ஓடுகிற கோழி வேறு, சாப்பிடுகிற கோழி வேறு என்றே நினைத்திருந்தாராம். இப்போது எல்லாம் தெரியும். தெரிந்துதான் சாப்பிடுகிறார். ஆனாலும்...

"என்னைப் பார்க்காத வரைக்கும் அது சாப்பாடு. பார்த்துவிட்டால், அதனிடம் அனுமதி கேட்க வேண்டும்போல இருக்கிறது."

பிறகு அவர் திருப்பிக் கேட்டார். உங்களுக்கு ஏன் தலை வேண்டும்?

இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் ஊர்க் கறிக்கடையில் ஆட்டுத்தலையை முன்னால் வைத்திருப்பார்கள். தொங்குவது ஆடுதான் என்பதற்கு அதுதான் சாட்சி. மீன் வாங்கப் போனால் முதலில் கண்ணைப் பார்ப்போம், அப்புறம் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். முகம் இல்லாத கறி என்றால் எங்களுக்குச் சந்தேகம். இதை என் போர்டு இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

செல்வம் விடவில்லை. அவனுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஆபீஸ் பார்ட்டியில் நீலமாகப் பூசணம் பூத்த சீஸை ஹெலன் சாப்பிட்டதை அவன் பார்த்திருக்கிறானாம். "கேளுங்ணா... நம்ம ரொட்டில பூத்தா தூக்கி வீசச் சொல்றாங்க. அவங்க பூத்ததைத் தேடி வாங்கறாங்க. அதெப்படிங்?"

நான் பயந்து பயந்து மொழிபெயர்த்தேன். ஹெலன் வாய்விட்டுச் சிரித்தார். காசு கொடுத்துத்தான் அதை வாங்குவதாக ஒப்புக்கொண்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். கறிக்குக் கண் இருந்தால் அவருக்குப் பயம். இல்லாவிட்டால் நமக்குப் பயம். இரண்டு பேரும் ஒரே பறவையைத்தான் சாப்பிடுகிறோம்... ஆனால் அதை எந்த இடத்திலிருந்து பறவை இல்லை என்று வைத்துக்கொள்வது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். எதிராளியின் அருவருப்பை நானே கற்பனை செய்துகொண்டு, அதற்கு ஏற்றபடி என் சட்டியை மாற்றினேன் பாருங்கள்... அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கவலைப்படுகிறவனுக்குக் கேட்கத் தோன்றாது. எல்லாப் பதிலையும் தானே தயார் செய்துவிடுவான்.

முழு வாத்தை ஆட்கள் பிரித்தார்கள். ஹெலன் மார்புப் பகுதியில் கொஞ்சம் வாங்கி, ஸ்பூனால் சாப்பிட்டார். காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தலைத் துண்டு தன் பக்கம் வந்தபோது மரியாதையாக வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது முடிவைச் சொன்னார். கிச்சன் இருக்கட்டும். ஆனால் இறைச்சியை மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். என்ன இறைச்சி என்று மேலே எழுதி ஒட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் வாத்தைச் சிக்கன் என்று சொல்லக் கூடாது. கார்க் கதவைத் திறந்தவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இன்னொன்றும் சொன்னார்.

"எனக்காகத் தலையை வெட்ட வேண்டாம். முடிந்தால் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்."

இந்த வாரமும் வாத்து வந்திருக்கிறது. டப்பா, மூடி, லேபிள் எல்லாம் சரி. மூன்றையும் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்துவிட்டேன். இப்போது ஒரே ஒரு கவலைதான்... டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, மூன்றும் தன் மேல் கோபமாக இருக்கின்றன என்று அவர் நினைத்துவிட்டால்?