மூன்று வாரம் முந்திய தேதி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தெரியாததால்தான் எழுதுகிறேன்.

கொடைக்கானல் மலைமேல் இருக்கும் பூண்டியில் எங்களுக்குப் பூண்டும் கேரட்டும்தான் வெள்ளாமை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் பிள்ளை இல்லை. வருஷா வருஷம் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்பதாக வேண்டிக்கொள்வேன். காப்பு கட்டியபின் மாதவிலக்காகித் தூரமான பெண்கள் ஊருக்குள் இருக்கக்கூடாது. தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். மூன்று வருஷம் தொடர்ந்து சரியாக முளைப்பாரி தூக்கும் சமயத்தில்தான் எனக்கு வந்தது. கொட்டகையில் உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டேன். என் முளைப்பாரியை வீட்டுக்காரரின் அக்கா தூக்கினார். பக்கத்து வீட்டிலேயே இருந்தவர். மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

நாலாவது வருஷமும், காப்பு கட்டிப் பதினைந்தாம் நாள், முளைப்பாரி தூக்கும் அன்று காலையில் வந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. "குளிச்சிட்டயில்ல?" என்று மதினி கேட்டபோது, "காப்புக்கு முந்தின வாரமே தூரமாயிக் குளிச்சிட்டேன் மதினி" என்றேன். பச்சைப் பயிரைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். அன்று போல் அம்மனிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அடுத்த மாதம் எனக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. கொடைக்கானலில் டாக்டரம்மா, "இந்த வயசுல ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கிறது நல்லது" என்றார். குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு, மனவளர்ச்சிக் குறைவு இருக்க வாய்ப்பு அதிகமா குறைவா என்று தாயின் ரத்தத்திலேயே கணிக்கலாமாம். மதுரைக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக எப்போது தூரமானது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கூட வந்திருந்த மதினி, "காப்பு கட்டுறதுக்கு முந்தின வாரங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே ஸ்கேனும் எடுத்து, அந்தச் சீட்டையும் சேர்த்து அனுப்பினார்கள்.

பத்து நாள் காத்திருந்தேன். களை எடுக்கும்போது, தண்ணீர் பாய்ச்சும்போது, வயிற்றோடு பேசிக்கொண்டே இருப்பேன். 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. குளிருக்கு ஸ்வெட்டர் பின்ன நூல்கூட வாங்கி வைத்திருந்தேன். பின்ன ஆரம்பிக்கவில்லை.

முடிவு வந்தது. முடிவு சொல்ல இயலவில்லை என்பதுதான் முடிவு.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "நீங்க சொன்ன தேதிக்கும் ஸ்கேன் அளவுக்கும் மூணு வாரம் ஒத்து வரல. தேதி சரின்னா குழந்தை வளர்ச்சி கம்மி, ரத்தத்துல வந்த அளவும் திருப்தியா இல்ல. தேதி தப்புன்னா நாம ரத்தத்த ரொம்ப முந்தி எடுத்துட்டோம், அவ்வளவுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, தேதி சரிதானா?"

"சரிதாங்க" என்றார் மதினி.

உண்மையைச் சொன்னால் என் குற்றம் வெளியே வரும். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால், தீட்டோடு முளைப்பாரி தூக்கினாள், அதனால்தான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது இருக்கட்டும், நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சொல்லாமல் விட்டால் பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவே போவதில்லை. வெளியே வந்துவிட்டோம்.

பஸ் நிலையத்தில் காலிச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தோம். மூடுபனியில் எதிரே இருந்த டீக்கடைகூடத் தெரியவில்லை. அது வசதியாக இருந்தது.

"மதினி, அந்தத் தேதி பொய். முளைப்பாரி அன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு."

மதினி வெற்றிலையை எடுத்தார், மடித்தார், போடாமல் மறுபடி பைக்குள் வைத்தார்.

"ஒம் பின்னாடியே கொலவை போட்டுக்கிட்டு வந்தேனே. என் தலையிலயும் பாதிக் குத்தத்தக் கட்டிட்டியே."

"மூணு வருசம் கொட்டகையில கெடந்தேன் மதினி."

"ஆமா. நாந்தானே கஞ்சி கொண்டாந்தேன், எனக்குத் தெரியாதா." கொஞ்சம் கழித்து என் வயிற்றைப் பார்த்தார். "பாவம், மூணு வாரம் வயசக் கூட்டிச் சொல்லிட்டேன். அத்தைக்காரிக்குக் கணக்குத் தெரியலன்னு உள்ள இருந்துக்கிட்டே திட்டியிருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அதை ஒரு பிள்ளையாக வைத்து வேறொருவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"என் தம்பிகிட்ட வாயத் தொறக்காத. நாளைக்கு வெள்ளனே வருவோம். தப்பாச் சொன்னது நான், நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

பஸ் வந்தது. ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். மதினியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நானே தேதியைச் சொன்னேன். டாக்டரம்மா பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். மத்தியான பஸ் வராததால் கேரட் ஏற்றப் போன லாரியில் ஊர் திரும்பினோம்.