ஏணை கட்டிய சலவை அறை

மருதமுனையில் நதீராவின் வீட்டில் சமைக்கிற குசினியை ஒட்டிப் பின்பக்கமாக ஓர் அறை உண்டு. அதை அறை என்று சொன்னால் அறைக்கே கூச்சமாக இருக்கும். இரண்டு பேர் ஒன்றாகக் குனிந்தால் தலையோடு தலை முட்டும். விறகு போடக் கட்டிய இடத்தில் ஒரு வாசிங் மெசினை வைத்து, ஊராருடைய உடுப்பைக் கழுவிக் கொடுக்கிற தொழிலை நதீரா ஆரம்பித்தாள். அபாயா, மணமகளின் சேலை, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளின் படுக்கை விரிப்பு என்று வராத துணி இல்லை. கறிக் கறையைப் போக்குவதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

கழுவுகிற கைக்குக் குறைச்சல் இல்லை. கழுவினதை வைக்கத்தான் இடம் இல்லை. தண்ணீர் வாளி, சவர்க்காரத் தூள் பை, அயன் மேசை, நனைந்தது, காய்ந்தது, மடித்தது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒருமுறை மௌலவியின் ஜுப்பா ஒரு ரீச்சர் வீட்டுக்கும், ரீச்சரின் அபாயா மௌலவி வீட்டுக்கும் போய்விட்டன. அந்தக் கதை சந்தையில் மீன் வெட்டுகிறவர் வாயில் விழுந்து, ஊரைச் சுற்றி, கடைசியில் நதீராவின் காதுக்கே புதுக் கதை மாதிரி வந்து சேர்ந்தது.

அப்படியிருந்த நதீராவுக்குத்தான் சித்தி லைலாவின் அழைப்பு வந்தது. கல்முனையில் புதிதாகத் திறந்த கலியாண மண்டபத்தின் சொந்தக்காரி சித்தி லைலா. சித்தி என்பது உறவுமுறை அல்ல, அவளுடைய பெயரிலேயே உள்ளது; ஊருக்கு அவள் ராத்தா, அதாவது அக்கா. ஊரில் அவளுடைய பணத்தைவிட அவளுடைய மூக்குக்குத்தான் பெயர் அதிகம். சமையல்காரன் இறைச்சி வாங்கி வந்தால் பையைத் திறக்கும் முன்பே, நேற்று அறுத்ததா இன்று அறுத்ததா என்று சொல்லிவிடுவாளாம். அவளுடைய மண்டபத்தில் உட்காருகிற கதிரைகளுக்கெல்லாம் வெள்ளை உறை. புரியாணி தின்ற கையை அந்த வெள்ளையில் துடைக்காமல் ஒரு விருந்து முடிந்தால் அது நம் பக்கத்து விருந்தே அல்ல. அந்த உறைகளைக் கழுவ ஆள் தேடித்தான் ஒரு பொதி உறையை நதீராவுக்கு அனுப்பியிருந்தாள்.

"கழுவி வை கா. புதன்கிழம பின்னேரம் அஸர் தொழுகைக்குப் புறகு வருவன். கவரையும் பாப்பன், நீ கழுவுற இடத்தையும் பாப்பன். ரெண்டும் எனக்குப் புடிக்கணும்" என்று தொலைபேசியில் சொன்னாள்.

நதீரா தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் நின்றபடியே கையைக் கொட்டினாள். அவளுக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவளுடைய கணவன் மர்சூக் கட்டாரிலிருந்து வந்து ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி இறக்குகிற நாட்கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அது ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. ஆகவே மறுபடியும் கட்டாருக்குப் போவதென்று பாஸ்போட்டை ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டான். முந்தி அவன் போயிருந்த வருடங்களில் மகள் ஸுஹைறாவுக்கு வாப்பா என்றால் கைபேசித் திரையில் வருகிற ஒரு முகம். அவன் திரும்பி வந்த அன்று அவனைப் பார்த்துப் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

போகாதீங்க என்று நதீரா ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுப்பு எப்படி எரியும் என்று அவன் கேட்பான், அதற்கு அவளிடம் பதில் இல்லை. அதனால் பதிலைத் தன் கையாலேயே செய்து அவன் முன்னால் வைத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் வைராக்கியம் பிடித்துக்கொண்டாள். சித்தி லைலாவின் மண்டபம் கிடைத்தால் அவன் போகத் தேவையில்லை. கிடைக்காவிட்டால் போய்விடுவான். விசயம் இவ்வளவுதான்.

அன்றைக்கே அறையிலிருந்த அத்தனை சாமானையும் வெளியே வளவில் தூக்கிப் போட்டாள். போட்ட பிறகுதான் சுவர் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. தம்பியின் கடையில் மிஞ்சிக் கிடந்த வெள்ளைப் பெயின்றைக் கெஞ்சி வாங்கி வந்து தானே பூசினாள். அது அவளுடைய சீதன வீடு. அதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மர்சூக் அவளிடம் கேட்டுத்தான் அடிப்பான். இப்போது அவள் "அடிங்க, அடிங்க, இன்னும் ரெண்டு அடிங்க" என்று சொல்லச் சொல்ல, அவன் சுத்தியலோடு ஓடி ஓடி அடித்தான். கழற்றிப் போட்டிருந்த பழைய கதவு ஒன்றைப் பிணைச்சலால் சுவரில் பொருத்தினார்கள். இறக்கினால் அயன் மேசை, தூக்கினால் வெறும் சுவர். மிஞ்சிய தண்ணிக் குழாய் அபாயா தொங்கவிடுகிற கம்பியானது. பால்மா டின்களில் சவர்க்காரத் தூள் ஏறியது. எருமைத் தயிர் வாங்கித் தின்று கழுவிக் கவிழ்த்திருந்த சட்டிகளில் துணிக் கவ்விகள் குடியேறின. ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த நதீராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சோறு தின்ன உட்கார்ந்தவள் பாதியில் எழும்பிப் போய் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

குறை ஒன்றே ஒன்று. மடித்த உறைகளை அடுக்கத் தட்டு வேண்டும். பலகை வாங்கக் காசு இல்லை.

"அத என்ட பொறுப்பில உடு" என்றான் மர்சூக்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவன் ஒரு முச்சக்கர வண்டி நிறையப் பிளாஸ்டிக் பெட்டிகளோடு வந்து இறங்கினான். நீலம், செம்மஞ்சள், பச்சை. அவற்றைச் சரித்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரோடு அடுக்கிக் கம்பியால் கட்டினால், கடையில் வாங்கிய தட்டு தோற்றுப்போகும். நதீரா மலைத்துப்போனாள்.

"எங்கால இதெல்லாம்?"

"ஹாபர்ல கழிச்சுப் போட்ட பெட்டி. விளிம்பு உடஞ்சதெண்டு சும்மா தந்தாங்க."

"மீன் பெட்டியா?"

"ஏன் புள்ள, மீன் நஜீஸா? அங்கேயே பைப்படியில வெச்சி மூணு தரம் தண்ணி உட்டு, உரஞ்சிக் கழுவிட்டன். இதுக்கு மேல என்ன சுத்தம்?"

மார்க்கப்படி அவன் சொன்னது சரி. மீன் அசுத்தம் அல்ல, மூன்று தரம் தண்ணீரும் விட்டாயிற்று. நதீரா குனிந்து மோந்து பார்த்தாள். அறை முழுக்கப் புதுப் பெயின்று வாசம் நெடியடித்தது. அதில் வேறெதுவும் தெரியவில்லை. அவளும் சந்தோசத்தில் இருந்தாள். சந்தோசத்தில் இருக்கிறவர்களுக்கு மூக்கு அவ்வளவாக வேலை செய்வதில்லை. கழுவி, நீலம் போட்டு, அயன் செய்து வைத்திருந்த உறைகளைப் பெட்டிகளில் அழகாக அடுக்கினாள். படம் பிடித்து வட்சப்பில் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினாள். பூனை புகாமல் கதவை இறுக்கச் சாத்தினாள்.

புதன்கிழமை விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்தாள். பெயின்று வாசம் வடிந்திருந்தது. அதற்குப் பதிலாக, கரைவலை இழுத்த கையோடு யாரோ உள்ளே படுத்து எழும்பியது போல ஒரு வாடை முகத்தில் அடித்தது. ஓர் உறையை எடுத்து மூக்கில் வைத்தாள். கீரிமீன். அடுத்ததை எடுத்தாள். அதுவும் கீரிமீன்.

"இஞ்சாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவுக் கோழிகள் கலைந்து ஓடின.

மர்சூக் ஓடி வந்தான். உறையை வாங்கி மோந்து பார்த்தான். "ஒண்டும் மணக்கல்லியே" என்றான்.

"உங்களுக்கு எப்பிடி மணக்கும்? நீங்க அதுக்குள்ளதானே கிடக்கிறீங்க!"

"மூணு தரம் கழுவின புள்ள..."

"மூணு தரம் கழுவினா தொழலாம். கலியாணத்துக்குக் கதிரயில போட ஏலாது! மாப்புளட உம்மா வந்து இரிந்து, கீரிமீன் மணந்தா என்ன செய்யிற? அதுவும் சித்தி லைலா ராத்தாட மூக்கு!"

அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று விடக்கூடிய வேலையா இது? அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சரியான குற்றவாளி மாதிரி ஓர் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"சரி, ஒழும்பு புள்ள. அஸருக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அவனே பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தான்.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள், அந்த வீட்டில்தான் இன்றைக்குக் கலியாணம் என்று நினைத்திருப்பார்கள். மெசின் ஒரு பக்கம் சுற்ற, மெசினுக்குள் அடங்காததைக் கிணற்றடியில் வைத்து நதீரா எலுமிச்சை மாதிரியான தேசிக்காயின் புளியைப் பிழிந்து விட்டுக் கசக்கினாள். மர்சூக் அலசினான், பிழிந்தான், கொடியில் போட்டான், கொடி போதாமல் மதிலிலும் கொய்யா மரத்திலும் போட்டான். அவன் பிழிந்த பிழியில் உறைகள் பாதி காய்ந்தே கொடிக்குப் போயின. கடற்காற்று எழும்பி வளவு முழுக்க வெள்ளை பறந்தது. கோபம் வந்த வழியே நதீராவுக்கு உற்சாகமும் வந்துவிட்டது. பழையபடி "கெதியா, கெதியா" என்று அவனை விரட்டத் தொடங்கினாள்.

"காஞ்ச புறகு எதில வைக்கிற?" என்று அவன் கேட்டான்.

நதீரா அறையின் நடுவில் நின்று அண்ணாந்தாள். தரையில் இடமில்லை, சுவரில் தட்டு இல்லை. மேலே கூரையைத் தாங்குகிற வளை மட்டும் வெறுமையாக இருந்தது. சட்டென்று படுக்கை அறைக்குள் ஓடி, அலுமாரியைத் திறந்து, மர்சூக் இடுப்பில் உடுக்கிற, மடிப்புக் குலையாத கைத்தறிச் சாறன்களை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"அது நான் கட்டாருக்குக் கொண்டுபோக வெச்ச சாறன்!"

"இப்ப இது கவருக்கு வேணும்" என்றாள். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

பிள்ளையை உறங்க வைக்க வளையில் கட்டித் தொங்கவிடுகிற துணித் தொட்டிலை இந்தப் பக்கத்தில் ஏணை என்பார்கள். மூட்டிய சாறனின் மேல் விளிம்பைச் சுருக்கிக் கயிற்றால் கட்டி வளையில் போட்டால், கீழே அது மடி மாதிரி விரிந்து நிற்கும். அந்த மடிக்குள் ஒரு பிள்ளை கிடக்கலாம். மடித்த உறைகள் கிடக்க முடியாதா? நதீரா ஒன்றைக் கட்டிக் காட்டினாள். மர்சூக் ஏணியில் ஏறி அடுத்ததைக் கட்டினான். கையை வைத்ததும் அவிழ்ந்து விழுந்தது.

"இது கூடத் தெரியாதா உங்களுக்கு?"

"எப்ப கட்டின நான்?"

நதீரா அவிழ்ந்த கயிற்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். ஸுஹைறா ஏணையில் கிடந்த காலத்தில் அவன் கட்டாரில் இருந்தான். அவன் அவளைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "காட்டு புள்ள, எப்பிடி எண்டு" என்றான். அவள் மெதுவாக முடிச்சுப் போட்டுக் காட்டினாள். பாரம் ஏற ஏற இறுகுகிற முடிச்சு அது. பிறகு கட்டினதெல்லாம் நின்றது. வரிசையாகக் கோடு போட்ட சாறன்கள் தொங்கின. காய்ந்த உறைகளை அயன் செய்து அவள் நீட்ட நீட்ட, அவன் வாங்கிப் பக்குவமாக உள்ளே வைத்தான். கடைசி உறை ஏறின கையோடு வாசலில் கார் வந்து நின்றது.

சித்தி லைலா ஸலாம் சொல்லிக்கொண்டே நேராகப் பின்பக்கம் வந்தாள். அறை வாசலில் நின்று மேலே பார்த்தாள்.

"என்னகா இது? எத்தின புள்ள உனக்கு?"

"ஒண்டுதான் ராத்தா. மத்ததெல்லாம் உங்கட புள்ளைகள்" என்றாள் நதீரா.

சித்தி லைலா சிரித்தாளா என்று தெரியவில்லை. ஓர் ஏணையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கதவு மேசையை இறக்கினாள், தூக்கினாள். தயிர்ச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ஓர் உறையை உருவி முகத்தோடு சேர்த்து வைத்து நீளமாக மூச்சு இழுத்தாள். நதீரா ஓதத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் ஓதினாள்.

"தேசிக்காயும் வெயிலும் மணக்குது" என்றாள் சித்தி லைலா. "மாஷா அல்லாஹ். கறயும் இல்ல. இடமும் எனக்குப் புடிச்சிரிக்கி." உறையைத் திரும்ப வைத்துவிட்டு நதீராவை மேலும் கீழும் பார்த்தாள். "ஆனா ஒண்டு கா. இது சின்னப் பொதி. கலியாணம் முடிஞ்சா லொறி நிறைய வரும். நனஞ்ச கவர் கல்லுப் போலக் கனக்கும். தூக்க, புழிய, ஏத்த, இறக்க ஆம்புளயாள் ஒருத்தர் நிக்கணும். நீ தனிய என்னத்தச் செய்வாய்? உன்ட மாப்புள கட்டாருக்குப் போறார் எண்டு கதைக்கிறாங்களே."

நதீராவுக்கு வாய் வரையும் வந்தது. அவர் போகமாட்டார் என்று சொல்லிவிட்டால் வேலை கையில். ஆனால் அதை அவள் எப்படிச் சொல்வது? அது அவன் சொல்ல வேண்டிய சொல். கதவுக்கு வெளியே, நனைந்த சாறனோடு நின்ற மர்சூக் தொண்டையைச் செருமினான்.

"நான் நிப்பன் ராத்தா."

"கட்டார்?"

"அங்க தூக்கிறதும் பாரம்தானே. இஞ்ச தூக்கினா புள்ளட முகத்தப் பாத்துத் தூக்கலாம். வேலயும் கிடச்சிட்டு."

"கிடச்சிட்டு எண்டு நான் இன்னும் சொல்லல்லியே தம்பி!" என்று சித்தி லைலா இடுப்பில் கையை வைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. வெள்ளிக்கிழம விருந்து முடிஞ்சி லொறி வரும். ரெடியா இரிங்க ரெண்டு பேரும்."

கார் போய் மறையும் வரை நதீரா அசையாமல் நின்றாள். பிறகு திரும்பி மர்சூக்கின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அந்த மாதிரி ஒரு சந்தோசம் அவளுக்கு அந்த வீட்டில் புதிது. கத்த வேண்டும் போல இருந்தது, அதனால் "வேலிக்கு வெளிய கிடக்கிற பெட்டிய மொதல்ல கொண்டு போங்க, தெருவே நாறுது!" என்று கத்தினாள்.

பொழுது பட்டதும் மஃரிபுக்குக் குர்ஆன் ஓதப் போயிருந்த ஸுஹைறா வந்து, வாப்பா குசினியில் தேநீர் குடிப்பதைக் கண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாப்பா, பாஸ்போட் எப்ப வரும்?"

"நாளைக்கு நானே போய்த் திருப்பி எடுத்திட்டு வாறன் மகள்."

"எடுத்திட்டு எப்ப போற?"

"போகல்ல."

ஸுஹைறா அதை நம்பவில்லை. இப்படியெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வாப்பாமார் விடியுமுன்னே போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எழும்பி நதீராவிடம் போய், அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்து, காதுக்குக் கிட்டவாகக் கேட்டாள்.

"உண்மயா உம்மா?"

நதீரா குனிந்து அவளைத் தூக்கினாள். தூக்குகிற வயதெல்லாம் தாண்டிவிட்ட பிள்ளை, நல்ல பாரம்.

"ஓம்" என்றாள்.