குரங்கு தின்ற பயித்தங்காயும் ஒரு பள்ளி மதியச் சாப்பாடும்

ஈப்போவில் நான் பாடம் நடத்தும் இடைநிலைப்பள்ளியின் பின்புறம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. அதில் தோட்டம் போட்டு, விளைவதைப் பிள்ளைகளே சமைக்கப் பழக்கலாம் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பினாங்கில் ஒரு பள்ளியில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த்தில் விட்டுவிடும். ஃபெர்ரிக் கட்டணம் இரண்டு மலேசிய வெள்ளி. படகுத்துறையிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் ஏழு கிலோமீட்டர். கிராப் காருக்குப் பதினைந்து வெள்ளி ஆனது. நான் போகும் காரணத்தைக் கேட்டு, படிக்க அனுப்பினால் மண்ணைத் தோண்ட விடுகிறார்களா என்று ஓட்டுநர் அண்ணன் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

பள்ளியில் ஒரே கலவரம். அன்று பெற்றோருக்கு மதியச் சாப்பாடு. விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் பயித்தங்காயை ஒன்று விடாமல் தின்றுவிட்டன. அந்தப் பாத்தியை வளர்த்தவள் யாழினி. அவள் அப்பாவுக்கு ஜெலுத்தோங்கில் வெல்டிங் பட்டறை. அடுத்த வாரம் முதல் இந்த வகுப்பு வேண்டாம், டியூஷன்தான் என்று சொல்லிவிட்டார். அரிசி கழுவியபடியே இதை என்னிடம் சொன்னாள்.

தோட்ட ஆசிரியை சாந்தி, காய்கறிப் பாசாருக்கு ஓடிப்போய்ப் பயித்தங்காய் வாங்கி வந்தார். யாழினி அதைத் தொடவில்லை.

"இது நம்ம நட்டதில்ல டீச்சர். அப்பாகிட்ட பொய் சொல்ல முடியாதுலா."

எனக்கே எரிச்சல் வந்தது. வகுப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்ட அப்பா வரும் நாளிலா இந்தப் பிடிவாதம்? பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. குரங்கு விட்டுவைத்த வள்ளிக்கிழங்கு இலையைப் பறித்து, நெத்திலியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துச் சமைத்தார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல்.

பரிமாறும்போது யாழினி நடந்ததை எல்லார் முன்பும் சொன்னாள். அவள் அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவியதும் நேரே தோட்டத்துக்குப் போய் வேலியை ஆட்டிப் பார்த்தார்.

"மேல வலை இல்லாம எதை நட்டாலும் நிக்காதுலா. ஞாயித்துக்கிழமை வெல்டிங் மெஷின் கொண்டு வர்றேன். டியூஷன் வேற நாள் பார்த்துக்கலாம்."

யாழினி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே பள்ளியில் அனுமதி கேளுங்கள், தொப்பி அவசியம். இப்படி ஒரு தோட்டம் தொடங்கினால் பெற்றோரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். விளைச்சல் கெட்டுவிட்டதென்று தள்ளிப்போடாதீர்கள். அன்று பயித்தங்காய் நன்றாகக் காய்த்திருந்தால், அந்த மனிதர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.