எங்கள் வாசல் குழி

அந்தக் குளிர்காலப் புயலும் மழையும் ஓய்ந்தபோது, வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய நார்த்மீட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே வீதியில் ஒரு குழி விழுந்திருந்தது. என் பள்ளிக்கூடப் பையை வைத்தால் காணாமல் போகும் அளவுக்குப் பெரிய குழி. வேறு யார் வாசலில் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் அப்பா கவுன்சிலில் வீதி திருத்தும் வேலை செய்பவர்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்தப் பக்கத்து வீதிகளை எல்லாம் அப்பாதான் திருத்துகிறார் என்று வகுப்பில் பீற்றியும் வைத்திருந்தேன். இப்போது பள்ளிக்கூட பஸ் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் அந்தக் குழியில் விழுந்து எழும்பும். பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போனது.

அப்பாவோ விடியமுன் ஒரேஞ்ச் சட்டையோடு போய், பொழுதுபடத் தார் மணத்தோடு வருவார். ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊர்க் குழியெல்லாம் மூடுறியள். உங்கட வாசல் குழி மட்டும் கண்ணில படேல்லையோ?"

"பட்டியல் இருக்கப்பா. முறை வரேக்க வரும்," என்றார் அப்பா, சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல்.

பட்டியல் என்பது மேலே யாரோ ஒரு பெரிய துரை எழுதி அனுப்புவது என்று நினைத்தேன். அந்தத் துரையை மனதாரத் திட்டினேன்.

அம்மா யாழ்ப்பாணத்தில் குழி விழுந்தால் செய்வதையே இங்கும் செய்தார். பின்வளவு எலுமிச்சையில் ஒரு கொப்பை முறித்து, பழைய சேலையில் சிவப்புத் துண்டு கிழித்துக் கட்டி, குழிக்குள் நட்டுவிட்டார். வாகனங்கள் கண்டு விலகிப் போகுமாம். விலகித்தான் போயின. பஸ்சும் விலகியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் பின்னேரம் பார்த்தால் கொப்பின் அடியில் ஒரு வெள்ளைப் பூங்கொத்து. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பூங்கொத்தும் ஒரு கரடிப் பொம்மையும். இந்த நாட்டில் வீதி விபத்தில் யாராவது செத்த இடத்தில்தான் அப்படி வைப்பார்கள். எதிர்வீட்டு வெள்ளைக்கார அன்ரி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். செத்தது யாரென்று தெரியாமலே அம்மாவும் சேர்ந்து அழுதார்.

விசயம் தெரிந்ததும் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனாலும் குழிப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் கிழமை ஒரு காலையில் முறை வந்தது. நான் ஏறிய பஸ்சை மறித்துவிட்டு அப்பாவின் ஆட்கள் வேலை செய்தார்கள். அப்பா முதலில் பூக்களையும் கரடியையும் பக்குவமாகத் தூக்கி எங்கள் மதிலில் வைத்தார். பிறகு கொப்பைப் பிடுங்கி, குழியைத் துப்புரவாக்கி, தார் போட்டு இறுக்கினார். பஸ் முழுவதும் யன்னலோரம் குவிந்து பார்த்தது. பிறகு அந்த இடத்தில் பஸ் ஒரு குலுக்கம் இல்லாமல் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் இராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் துரையை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

போன வருடம் அப்பாவின் ஓய்வு விழாவில், அவரோடு வேலை செய்த ஒருவர் அந்தப் புயலைப் பற்றிப் பேசினார். எந்த வீதி முதலில், எந்த வீதி பிறகு என்று அப்போது பட்டியல் எழுதியது அப்பாதானாம். முதல் வரியில் ஆஸ்பத்திரி வீதி. கடைசி வரியில் எங்கள் வீதி.

ஒன்பது வயதில் மூன்று கிழமை திட்டித் தீர்த்த துரைக்கு, எழும்பி நின்று கை தட்டினேன்.