எல்லயில் ஒரு மெக்சிக்கோ ரொட்டி

பண்டாரவளை கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில், பசறை பஸ்ஸுக்காக மகளோடு எல்ல டவுனில் நிற்கிறேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். இரத்தம் குறைவு, ஈரலும் மீனும் கொடுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டுகிறது. பிரசவத்தில் என்ன ஆகுமோ என்று அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எதிரில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கடை. வாசலில் மெக்சிக்கோ சாப்பாட்டின் படம், கீழே இங்கிலீஷில் ஏதேதோ எழுத்தும் இலக்கங்களும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனவள். பரிமாறும் பெண்ணிடம் அது என்ன சாப்பாடு என்று கேட்கிறேன்.

"மரக்கறிதாங்க்கா. சோள ரொட்டிக்குள்ள பெரிய பயறு மாதிரி செவப்பு போஞ்சி விதை, தக்காளி. புரதமும் இரும்புச்சத்தும் இருக்குனு போட்டிருக்கு. நானும் தோட்டத்து ஆளுதான், உள்ள வாங்க."

உள்ளே போய் ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன். மகள் முழுவதையும் சாப்பிடுகிறாள். குமட்டவில்லை. அவளுக்குப் பாலில்லாத பிளேன்டீ கேட்கிறேன்.

"சாப்பிட்ட கையோட வேணாங்க்கா. தேயிலை இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது. புளிக்கிற தேசிக்காய்த் தண்ணி தாரேன், அது சத்த சேர வைக்கும். வீட்டுல கௌபிப் பயறு அவிச்சுக் குடுங்க, அதுலயும் இந்தச் சத்து இருக்கு."

மாதக்கணக்காக ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஆவி பறக்க பிளேன்டீ கொடுத்தவள் நான்.

"ஐயோ, நானேல்ல கெடுத்துட்டேன்!"

"கொழுந்து பறிக்கிற நமக்கு இத யாருக்கா சொன்னா? மனச விட்டுறாதீங்க."

"அப்ப சும்மா தண்ணி குடிக்கலாமா?"

"ஐயோ அக்கா, தண்ணி குடிக்கலாம்!"

மகள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கிளினிக்கை விட்டு வந்த பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். வெளியே பசறை பஸ் ஹோன் அடிக்கிறது. கொஞ்சம் நிற்கட்டும்.